சார்ஜரை வீட்டிலேயே விட்டுவிடலாம்

ஜூலை 2

பத்திரிகைக்காரிக்குப் பாட்டி எழுதுவது.

அன்றைக்கு அந்தக் கூடத்தில் இருந்தவர்கள் யார் யார் என்று முதலில் எழுதிவிடுகிறேன். பிறகு ஒருவரும் மாற்றிச் சொல்லக் கூடாது. சன்னலோர நாற்காலியில் நான். பரிமாறிக்கொண்டு உன் அம்மா. ஆஸ்பத்திரி உடுப்பைக்கூட மாற்றாமல் உன் நர்ஸ் சித்தி, அவள் தோளில் இரட்டைப் பிள்ளைகளில் பெரிய குட்டி, மடியில் சின்னக் குட்டி. மேசையின் தலைமாட்டில் உன் வக்கீல் மாமா. அந்த இடத்தை அவனுக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. அப்புறம் நீ. உன் அப்பா வேலைக்குப் போயிருந்தார், ஆகவே அவருக்கு இதில் நல்ல பேரும் இல்லை, கெட்ட பேரும் இல்லை.

வக்கீல் மாமா போனை எடுத்தான். கண்ணாடியை மாற்றிக்கொண்டு கோர்ட்டில் வாசிக்கிற குரலில் வாசித்தான். உன் பத்திரிகையில் நீ ஒரு சின்ன லேப்டாப்பைப் பற்றி எழுதியிருந்தாயே, அதற்குக் கீழே ஊரார் எழுதிய வசவுகள். தினமும் பயணம் போகிறவர்கள் தாராளமாக வாங்கலாம், சார்ஜரை வீட்டிலேயே விட்டுவிடலாம் என்று நீ எழுதினாயாம். அதை நம்பி ஒரு விற்பனைக்காரர் சார்ஜர் இல்லாமல் போய், பெரிய மனிதர்கள் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது அது செத்துப்போயிற்றாம். கம்பெனிக்காரனிடம் இவள் எவ்வளவு வாங்கினாள் என்று ஒருவர் விடாமல் கேட்டிருந்தார்கள். எல்லாவற்றையும் வாசித்து முடித்துவிட்டு, "என்னம்மா, எதிர்த்தரப்பு என்ன சொல்றீங்க?" என்று சிரித்தான்.

உன் அம்மா கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். சித்தி குட்டியைத் தட்டிக்கொடுத்தாள், அது தூங்கிக்கொண்டிருந்தபோதும். நான்தான் வாயைத் திறந்தேன். "வாங்கியிருந்தா வாங்கினேன்னு சொல்லிடு" என்றேன். இவ்வளவுதான் சொன்னது, ஒரு எழுத்து கூட்டவில்லை. நீ, "நீங்க கேக்கிறீங்களா பாட்டி, இதை?" என்று பாதிச் சாப்பாட்டில் எழுந்து, செருப்பை ஒழுங்காக மாட்டாமல்கூடப் போனாய். பிறகு நான் போன் பண்ணியபோதெல்லாம் எடுக்கவில்லை. சரி, இனி உன் விஷயமாகப் போனைத் தொடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். காகிதத்தை நீ எடுக்காமல் விட முடியாது. தபால்காரர் கதவு இடுக்கில் தள்ளிவிட்டுப் போவார்.

நேற்று உன் பெட்டி வந்தது. உள்ளே அதே லேப்டாப், கூடவே ஒரு துண்டுச் சீட்டு. "நீங்களே வைத்துப் பாருங்கள், பிறகு கேளுங்கள்." முன்னால் அன்புள்ள இல்லை, பின்னால் இப்படிக்கு இல்லை. கடைக்காரன் பில்லில்கூட அதைவிட மரியாதை இருக்கும்.

நான் பார்க்கிறேன். உன் சித்தி டியூட்டிக்குப் போகிற நாளெல்லாம் குட்டிகளைப் பார்த்துக்கொள்ள பஸ் ஏறி, ரயில் ஏறி, அவள் வீட்டு மூன்றாம் மாடிக்குப் போய்த் திரும்புகிறவள் நான். தினப் பயணம் என்னவென்று எனக்கு யாரும் சொல்ல வேண்டாம். படிப்புத்தான் நாலாம் வகுப்போடு நின்றது. நிறுத்தியது யார் என்பதும் நினைவிருக்கிறது. அது வேறு கடிதம்.

பாட்டி


ஜூலை 7

பாட்டிக்கு,

கடிதம் கிடைத்தது. இருந்தவர்கள் எல்லாரையும் சரியாகச் சொல்லிவிட்டீர்கள். நான் எழுந்து போனபோது ஒருவரும் கூப்பிடவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் இதழில் பை, காலணி, கணினி என்று பயணிகள் சுமந்து திரியும் பொருள்களைச் சோதித்து எழுதுகிறோம். சோதனைக்கூடம் எதுவும் கிடையாது. பொருளைக் கையோடு எடுத்துப் போய் நம் வழக்கப்படி ஒரு வாரம் வாழ்ந்து பார்த்துவிட்டு எழுத வேண்டும். "வாங்குறவங்க அப்படித்தானே வெச்சிருக்கப் போறாங்க" என்பார் எங்கள் எடிட்டர் அம்மா. நானும் அப்படித்தான் செய்தேன். அந்த மடிக்கணினி எனக்குக் காலையில் எடுத்தால் மறுநாள் மதியம்வரை ஓடியது. பார்த்ததை எழுதினேன்.

புகார் வந்ததும் அலுவலகத்தில் அதே கணினியை எல்லாம் அழித்துப் புதிதாக்கி மறுபடி சோதித்தார்கள். சாயங்காலம் ஆவதற்குள் நின்றுவிட்டது. நான் எழுதியதில் பாதிதான். கம்பெனி அனுப்பியதில் ஏதோ கோளாறு என்று நினைத்துக் கடையில் சொந்தமாக ஒன்று வாங்கினேன். அது எனக்கு மறுநாள் மதியம்வரை ஓடியது. யாரும் நம்பவில்லை. புதிதுபோல எல்லாவற்றையும் அழித்துவிட்டு உங்களுக்கு அனுப்பியிருப்பது அந்தக் கணினிதான்.

என்னை எழுதவிடாமல் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மாதக் கடைசியில் கூட்டம். எனக்கு ஒரு மாதிரியும் அவர்களுக்கு ஒரு மாதிரியும் ஏன் வருகிறது என்று அதற்குள் நான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வேலை போகும். வேலை போனால் இன்னொன்று தேடிக்கொள்வேன். காசு வாங்கி எழுதியவள் என்ற பேர் எங்கே போனாலும் கூடவே வரும்.

முழுதாகச் சார்ஜ் ஏற்றுங்கள். வயரைப் பிடுங்குங்கள். நிற்கும்வரை பயன்படுத்துங்கள். எப்போது நின்றது என்று எழுதுங்கள். எனக்காக நல்லதாக எழுத வேண்டாம். அதைத் தாங்கும் நிலையில் நான் இல்லை.

இப்படிக்கு (இந்த முறை போட்டுவிட்டேன்),
உங்கள் பேத்தி


ஜூலை 13

பேத்திக்கு,

யாருக்காகவும் நல்லதாக எழுதுகிற பழக்கம் எனக்கு இல்லை. உன் அம்மா கல்யாணத்தில் சாப்பாடு எப்படி என்று சம்பந்தி கேட்டபோது நான் சொன்ன பதில் இன்னும் ஊரில் இருக்கிறது.

முதலில் கனம். கனமே இல்லை. குட்டிகள் குறைமாசத்தில் பிறந்தபோது சின்னக் குட்டி இருந்ததே, கையில் எடுத்தால் அதைவிட லேசு. தூக்கியதும் கடைக்காரன் உள்ளே ஒன்றும் வைக்காமல் ஏமாற்றிவிட்டானோ என்றுதான் தோன்றியது. பையில் சாப்பாட்டு டப்பாவுக்குக் கீழே தட்டையாகப் படுத்துக்கொள்கிறது. பஸ்ஸில் நெரிசலில் நின்றபோது தோள் வலிக்கவில்லை. சார்ஜர்தான் கல்மாதிரி. அந்தக் கட்டையும் வயரும் இருக்கிற கனத்துக்கு இன்னொரு லேப்டாப் சுமக்கலாம்.

அடுத்தது மூடி. இதைச் செய்தவன் பிள்ளை வளர்த்ததில்லை. ஒரு கையில் குட்டியை வைத்துக்கொண்டு மறு கையால் திறந்தால் அடிப்பாகமும் கூடவே எழும்பி வருகிறது. முழங்கையால் அமுக்கிக்கொண்டு திறக்க வேண்டியிருக்கிறது. அம்புக்குறி போட்ட பொத்தான்கள் பருப்புப் பருப்பாக இருக்கின்றன, ஒன்றைத் தொட்டால் இரண்டு அமுங்குகிறது. மேல்பக்கம் பளபளவென்று வழுக்குகிறது, விரல் பட்ட இடமெல்லாம் கறை. சின்னக் குட்டி மூலையைக் கடித்தது. பல் பதியவில்லை, அது நல்ல விஷயம். பெரிய குட்டி பாலைத் தட்டிவிட்டது, துடைத்ததும் வேலை செய்கிறது. மடியில் வைத்தால் பூனை உட்கார்ந்த அளவுக்குச் சூடு. ரயில் சத்தத்தில் பேச்சு கேட்கவில்லை, சித்தி காதில் சொருகுகிறதைக் கொடுத்தாள்.

சித்தி அதில் ஒரு குடும்பத் தொடரை ஏற்றிக் கொடுத்திருக்கிறாள். ஒரு மாமியார், ஒரு மருமகள், நடுவில் வாயில்லாத ஒரு மகன். நீ சொன்னபடி வியாழக்கிழமை ராத்திரி முழுதாக ஏற்றி, வெள்ளி காலை வயரைப் பிடுங்கி, சார்ஜரை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனேன். பஸ்ஸில் பார்த்தேன், ரயிலில் பார்த்தேன், குட்டிகள் தூங்கும்போது பார்த்தேன், திரும்பி வரும்போது பார்த்தேன். படுக்கும்போதுதான் மூடினேன். சனிக்கிழமை காலை மறுபடி திறந்தேன். மதியச் சாப்பாடு ஆகி, மாமியார் மருமகளை அறையக் கை ஓங்கிய இடத்தில் நின்றது. அறைந்தாளா இல்லையா தெரியவில்லை.

ஆக நீ எழுதியது சரி. அன்று சாயங்காலம் வக்கீல் மாமா வந்தான். வாசலிலேயே நிறுத்திச் சொன்னேன்.

"உன் அக்கா மக ஒரு வார்த்தை பொய் எழுதலை. நானே ஓட்டிப் பாத்துட்டேன்."

"சொந்தக்காரங்க சாட்சி எடுபடாதும்மா."

"இத்தனை வருசம் உனக்குச் சோறு போட்டது சொந்தக்காரிதான். அது மட்டும் எடுபட்டுச்சா?"

அன்று அவனுக்கு டீ கொடுக்கவில்லை.

பாட்டி


ஜூலை 17

பாட்டி,

மூடி விஷயத்தை நான் கவனிக்கவே இல்லை. எனக்கு எப்போதும் இரண்டு கையும் காலியாகத்தான் இருக்கின்றன. அதை எழுதியிருக்க வேண்டும்.

ஆனால் மற்றதைப் படித்தபோது சந்தோஷப்பட முடியவில்லை. எடிட்டரிடம் உங்கள் கடிதத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். மாமியார் கை ஓங்கிய இடத்தில் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு கடிதத்தை மடித்துக் கொடுத்தார். "உங்க பாட்டி ரொம்ப நல்லா எழுதுறாங்க. ஆனா உங்க பாட்டி." வக்கீல் மாமா சொன்னதேதான். பக்கத்து மேசைக்காரர் அதற்கு மேல் ஒரு படி போனார். "குடும்பத்துக்கே சேர்த்துக் குடுத்திருப்பாங்க போல" என்றார். வேடிக்கைக்குத்தான் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. யாரும் அவரைக் கண்டிக்கவும் இல்லை.

இப்போது நிலைமை இதுதான். அந்தக் கணினி நமக்கு ஓடுகிறது, உலகத்தில் வேறு யாருக்கும் ஓடுவதில்லை. எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது. தெரியாமல் நடுவில் சார்ஜ் ஏற்றுகிறேனோ என்று, உங்களுக்கு அனுப்புவதற்கு முன்னால் வயரை அடுத்த அறைக்காரியிடம் கொடுத்துப் பூட்டி வைக்கச் சொன்னேன். என்னைத் திருடியைப்போல நானே காவல் காத்தேன். அப்போதும் மறுநாள் மதியம்வரை ஓடியது. சரியாக ஓடுகிறதே என்று ஒரு இயந்திரத்தைப் பார்த்து அழுதவள் நானாகத்தான் இருப்பேன்.

கூட்டத்துக்கு முன்னால் நானே எழுதிக் கொடுத்துவிட்டு விலகிவிடலாமா என்று யோசிக்கிறேன். அவர்கள் போகச் சொல்லிப் போவதைவிட அது மேல்.

கடைசியாக ஒரு உதவி. இன்னொரு முறை ஓட்டிப் பாருங்கள். இந்த முறை ஒன்றையும் விடாமல் எழுதுங்கள். எந்தப் பக்கம் உட்கார்ந்தீர்கள், பக்கத்தில் யார், எந்தப் பொத்தானைத் தொட்டீர்கள், எல்லாம். உபயோகமில்லாதது என்று எதையும் தள்ளாதீர்கள். உங்களுக்குத்தான் எதுவும் மறக்காதே.

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன், இல்லாவிட்டால் நெஞ்சிலேயே நிற்கும். மாமா கேட்டதை நான் பொருட்படுத்தவில்லை. நீங்கள் ஏன் கேட்டீர்கள்?

பேத்தி


ஜூலை 22

மிளகுக்கு,

உனக்கு இந்தப் பேரை வைத்தவள் நான். கோபத்தில் மூன்று வாரமாகச் சொல்லாமல் இருந்தேன். குடும்பத்துக்கே கொடுத்தார்கள் என்று ஒருவன் சொல்லி, நீ அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாய் என்று படித்ததும் என் கோபம் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. அந்தப் பக்கத்து மேசைக்காரன் எந்த ஊர், என்ன உயரம் என்று அடுத்த கடிதத்தில் எழுது.

நீ கேட்டபடி ஒன்றையும் விடாமல் எழுதுகிறேன். திங்கட்கிழமை, நல்ல மழை. பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் இரண்டாவது இருக்கை. பக்கத்தில் காலுறை விற்கிற ஆள், ஏறினதும் தூங்கிவிட்டான். ரயிலில் நான் எப்போதும் வெயில் படாத பக்கம்தான் உட்காருவேன், மழையானாலும் அதே பக்கம். தலையோடு துண்டைப் போர்த்திக்கொண்டு அதற்குள் லேப்டாப்பை வைத்துக்கொண்டால் சௌகரியமாகத் தெரியும். அப்படித்தான் தினமும் பார்க்கிறேன்.

மூன்றாவது ஸ்டேஷனில் ஒருத்தி ஏறினாள். உன் அம்மா வயது, கையில் ஆள் உயரக் குடை. அதை மடக்காமல் என் காலடியில் சாய்த்தாள். என் துண்டுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"பாட்டிம்மா, இது ஓடுதா, அணைஞ்சு போச்சா?"

"ஓடுது."

"ஒண்ணுமே தெரியலையே. கறுப்பாத்தானே இருக்கு."

"எனக்குத் தெரியுது."

"கண்ணைக் காமிங்க பாட்டிம்மா டாக்டர்கிட்ட. வயசான காலத்துல சும்மா விட்டுடக் கூடாது."

அந்தப் பெட்டியில் இருந்த அத்தனை தலையும் திரும்பியது. "என் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லம்மா. உன் குடையிலேர்ந்து என் கால்ல தண்ணி சொட்டுது. அதுகூட எனக்கு நல்லாத் தெரியுது" என்றேன். அவளுக்கு உறைக்கவில்லை. நான் கேட்காமலே கையை நீட்டி, சூரியன் படம் போட்ட பொத்தானைத் தட்தட்டென்று தட்டினாள். துண்டுக்குள் விடிந்துவிட்டது. மாமியார் முகத்தில் இருக்கிற மரு வரைக்கும் எதிர் இருக்கைக்காரனுக்குத் தெரிந்திருக்கும். "இப்பப் பாருங்க" என்று ஏதோ எனக்குக் கண் கொடுத்தவள்போல் சிரித்தாள்.

அவள் இறங்கினதும் நான் பழையபடி இறக்கி வைத்தேன். அந்தப் பொத்தான் எனக்குத் தெரியாது என்று நினைத்துவிட்டாள். முதல் நாளே, திறந்த உடனே, முகத்தில் டார்ச் அடித்ததுபோல் இருந்தது. எங்கே குறைப்பது என்று தேடி முதலில் கண்டுபிடித்ததே அதைத்தான். பக்கத்தில் இருக்கிற சின்னச் சூரியனைத் தட்டத் தட்டத் திரையில் வரிசையாக நிற்கிற புள்ளி குறைகிறது. எல்லாப் புள்ளியும் போனால் இருட்டு. ஆகவே இரண்டு புள்ளி வைத்திருக்கிறேன். ஒரு ஆள் பார்ப்பதற்கு இரண்டு புள்ளி போதும். வீண் வெளிச்சம் எனக்கு ஆகாது. நம் வீட்டில் யாருக்குமே ஆகாது. உன் அம்மா டீவியை வைத்திருக்கிற இருட்டில், வருகிறவர்களெல்லாம் டீவி கெட்டுப்போச்சா என்று கேட்கிறார்கள். நீயே பரீட்சைக்குப் படித்ததெல்லாம் வாசல் விளக்கு சன்னல் வழியாக விழுகிற அந்தத் துண்டு வெளிச்சத்தில்தான். கண்ணாடி போட்டாயா? இல்லையே. அந்தக் குடைக்காரி வீட்டில் ஆளில்லாத அறையிலும் விளக்கு எரியும், எழுதித் தருகிறேன்.

இந்த முறையும் மறுநாள் மதியம் கடந்துதான் நின்றது.

இப்போது உன் கேள்வி. ஏன் கேட்டேன். ஊர் முழுக்க உன்னைப் பேசுகிறது, என் வயிற்றில் பிறந்தவனே சபை நடுவில் வாசிக்கிறான். நான் உன் பக்கம் நின்று சண்டை போட வேண்டும். வாங்கவில்லை என்றால் ஒரு மாதிரிச் சண்டை. வாங்கியிருந்தால் வேறு மாதிரிச் சண்டை. என்ன கஷ்டமோ, வாங்கிவிட்டாள், உங்களுக்கு என்ன என்று கேட்கிற சண்டை அது. எதுவானாலும் போட்டிருப்பேன். எந்தச் சண்டை என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். நீ பதில் சொல்வதற்குள் செருப்பை மாட்டிவிட்டாய்.

வேலையை விடுவதாக எதையும் எழுதிக் கொடுக்காதே.

பாட்டி


ஜூலை 25

பாட்டி,

இரண்டு புள்ளி.

உங்கள் கடிதத்தை அலுவலக மாடிப்படியில் நின்று படித்தேன். குடைக்காரி பொத்தானைத் தட்டிய இடத்தில் சிரித்தேன். அடுத்த வரியில் சிரிப்பு நின்றுவிட்டது. மேலே ஓடி என் மேசையில் இருக்கிற பெரிய கணினியைப் பார்த்தேன். இரண்டு புள்ளி. என் போனைப் பார்த்தேன். அதிலும் கோடு அடிமட்டத்தில். அறைக்குப் போய் மேசை விளக்கைப் பார்த்தேன், அதன்மேல் ஒரு காகிதத்தை ஒட்டி வைத்திருக்கிறேன். எப்போது ஒட்டினேன் என்றுகூட நினைவில்லை.

போன வருடம் பக்கத்து மேசைக்காரர் என் திரையைப் பார்த்துவிட்டு, "என்ன, துக்க வீடா?" என்று கேட்டார். அவர் வழக்கமான அறுவை என்று நினைத்தேன்.

பாட்டி, இந்த மாதிரி இயந்திரத்தில் பேட்டரியை அதிகம் குடிப்பது திரைதான். வெளிச்சத்தைக் கூட்டினால் சீக்கிரம் தீரும், குறைத்தால் நெடுநேரம் வரும். இது எனக்குத் தெரியாததில்லை. ஊருக்கெல்லாம் எழுதுகிறவள் நான். ஆனால் நான் குறைத்து வைத்திருக்கிறேன் என்பது எனக்குத் தெரியாது. என் கண்ணுக்கு அது குறைவே இல்லை. அதுதான் வெளிச்சம். புதுக் கணினி எது கைக்கு வந்தாலும் திறந்தவுடன் விரல் தானாக அந்தப் பொத்தானுக்குப் போகிறது. கதவைத் திறந்ததும் செருப்பைக் கழற்றுவதுபோல. அதை யாராவது கட்டுரையில் எழுதுவார்களா?

போன் பண்ணத்தான் எடுத்தேன். நீங்கள் எடுக்கப்போவதில்லை என்று நினைவு வந்ததும் வைத்துவிட்டேன்.

கூட்டத்துக்கு இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. அவர்கள் கணினியை, அவர்கள் மேசையில், அவர்கள் கண் முன்னால், இரண்டு புள்ளியில் ஓட்டச் சொல்லப் போகிறேன். ஓடினால் பிழைத்தேன். ஓடாவிட்டால் உண்மையிலேயே எனக்கு ஏதோ ஆகிவிட்டது.

நீங்கள் ஏன் கேட்டீர்கள் என்று எழுதியதை இதுவரை நாலு தடவை படித்துவிட்டேன்.

மிளகு


ஆகஸ்ட் 1

பாட்டி,

ஓடியது.

எடிட்டர் அறையிலேயே வைத்தார்கள். வயரைப் பிடுங்கி அவரே கைப்பையில் போட்டுக்கொண்டார். எதை ஓடவிடுவது என்று கேட்டபோது உங்கள் தொடரைத்தான் சொன்னேன். நீங்கள் பார்த்ததையே பார்த்தால்தானே ஒப்பிட முடியும். இரண்டு புள்ளியில் வைத்ததும் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "இதுல எப்படிம்மா படிக்கிறீங்க?" என்று எடிட்டர் கேட்டார். "எதுல?" என்று கேட்டேன். அப்போதே அவருக்குப் பாதி புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

சாயங்காலம் ஆனது, நிற்கவில்லை. வீட்டுக்குப் போகும்போது மூடி, அலமாரியில் பூட்டினார். மறுநாள் காலை திறந்தார். பதினோரு மணிக்கெல்லாம் அறைக்குள் ஆறேழு பேர். சன்னல் திரையை இழுத்துவிட்டு, தலையோடு தலை முட்டிக்கொண்டு பார்க்கிறார்கள். அச்சுப் பிரிவிலிருந்து இரண்டு பேர் வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டார்கள். உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும், மாமியார் அறைந்தாள், பாட்டி. நன்றாகவே அறைந்தாள். ஆனால் குறுக்கே வந்த மகனுக்குத்தான் விழுந்தது. அச்சுப் பிரிவு கைதட்டியது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் கணினி நின்றது.

எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு எடிட்டர் கதவைச் சாத்தினார். "நீங்க பொய் எழுதலை. ஆனா பாதிதான் எழுதியிருக்கீங்க. மிச்சம் உங்க வீட்ல இருந்திருக்கு" என்றார். பிறகு, "உங்களைச் சந்தேகப்பட்டதுக்கு நான் வருத்தப்படுறேன்" என்றார். எனக்கு விக்கல் எடுத்துவிட்டது. தண்ணீர் கொடுத்தார்.

கூட்டத்தில் முடிவானபடி அடுத்த இதழில் திருத்தம் வருகிறது, என் பேரோடு. திரை வெளிச்சத்தை நடுவில் வைத்தால் சாயங்காலம்வரை, அடியில் வைத்தால் மறுநாள் மதியம்வரை, ஆகவே சார்ஜரை எடுத்துக்கொண்டே போங்கள் என்று. ஒரு கையால் மூடி திறக்காது என்பதும் அதில் உண்டு. இனிமேல் யார் எதைச் சோதித்தாலும் வெளிச்சத்தை எந்த அளவில் வைத்துப் பார்த்தார்கள் என்று எழுத வேண்டுமாம். திங்கட்கிழமையிலிருந்து மறுபடி எழுதுகிறேன். நேற்று இரவு பல வாரங்களுக்குப் பிறகு கனவில்லாமல் தூங்கினேன்.

அந்த விற்பனைக்காரருக்கு நானே எழுதினேன். அவர் ஒரே வரியில் பதில் போட்டிருக்கிறார்: "என் மனைவியும் விளக்கை அணைக்கிற ஆள்தான், புரிகிறது." வக்கீல் மாமாவும் போன் பண்ணினார். ரொம்ப நேரம் தொண்டையைச் செருமிவிட்டு, "அன்னிக்கு நான் வாசிச்சிருக்கக் கூடாது" என்றார். அவரை மன்னித்துவிடுங்கள். நான் மன்னித்துவிட்டேன்.

அந்தக் குடைக்கார அம்மாவை மறுபடி பார்த்தால் எனக்காக ஒரு நன்றி சொல்லிவிடுங்கள். அவர் அன்று கையை நீட்டியிருக்காவிட்டால் நீங்கள் அந்தப் பொத்தானைப் பற்றி எழுதியே இருக்க மாட்டீர்கள். நான் ஊரெல்லாம் வேலை தேடிக்கொண்டிருப்பேன்.

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். கணினி உங்களிடமே இருக்கட்டும்.

மிளகு


ஆகஸ்ட் 5

மிளகுக்கு,

உன் கடிதத்தைக் கிளம்பும்போது கதவடியில் எடுத்து ரயிலில்தான் பிரித்தேன். "ஓடியது" என்கிற ஒரு வார்த்தையைப் பார்த்ததும் மேலே படிக்க முடியவில்லை. மடித்துவிட்டேன். மறுபடி பிரித்தேன். இத்தனை நாளில் ஒருதரம்கூட இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிடாதவள், அன்று இரண்டு ஸ்டேஷன் தள்ளிப்போய் இறங்கினேன். சித்தி டியூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று கத்தினாள். கத்தட்டும் என்று குட்டிகளை இரண்டு கையிலும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். நெஞ்சில் ஏதோ இறங்கிப் போய் லேசாகிவிட்டது.

அன்று நான் கேட்டது தப்பு என்று எழுத மாட்டேன். அதை நீயும் எதிர்பார்க்காதே. ஞாயிற்றுக்கிழமை வந்து முழுச் சாப்பாடும் சாப்பிட்டுவிட்டு, அதற்குப் பிறகு செருப்பை மாட்டு.

லேப்டாப்பைப் பற்றிக் கடைசியாக என் அபிப்பிராயம். தினம் பஸ்ஸும் ரயிலும் ஏறுகிறவர்கள் வாங்கலாம். தோளுக்கு நல்லது. பிள்ளை தூக்குகிறவர்கள் கடையிலேயே ஒரு கையால் திறந்து பார்த்துவிட்டு வாங்கட்டும். அம்புப் பொத்தானுக்கு அவனைத் திட்டி எழுது. வெளிச்சத்தை எங்கே வைப்பது என்பது அவரவர் வளர்ப்பைப் பொறுத்தது. இதை உன் இதழில் போட்டுக்கொள்ளலாம், என் பேர் வேண்டாம்.

வக்கீல் மாமா சனிக்கிழமை வந்தான். தலைமாட்டு நாற்காலிக்குப் போகாமல் நடுவில் உட்கார்ந்தான். நான் டீயைக் கொண்டுபோய் வைத்தேன். "சர்க்கரை போட்டிருக்கீங்களாம்மா?" என்று கேட்டான். போட்டிருந்தேன். அவனை மன்னித்தாயிற்று, ஆனால் நீ சொல்லிவிடாதே, தலைக்கேறிவிடும். அந்த விற்பனைக்காரனையும் விட்டுவிட்டேன். பெரிய மனிதர்கள் முன்னால் தலை குனிந்தவன் கத்தத்தான் செய்வான், பெண்டாட்டியும் நல்ல மாதிரியாகத் தெரிகிறது. உன் எடிட்டர் தண்ணீர் கொடுத்தாள், அதற்காக அவளையும் விட்டேன். பக்கத்து மேசைக்காரன் உன் பக்கமே பார்க்காமல் வேலை செய்கிறான் என்றால் அவனும் போகட்டும்.

குடைக்காரிக்கு நன்றி சொல்லச் சொல்கிறாய். எனக்கும் புரியாமல் இல்லை. அவள் கை நீண்டதால்தான் உன் பேர் மிஞ்சியது. நேற்று அதே ஸ்டேஷனில் ஏறினாள். வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது, ஆனாலும் குடை. சரி, பேத்தி கேட்டிருக்கிறாள் என்று துண்டை விலக்கி, முகத்தை ஒழுங்கு பண்ணிக்கொண்டு, சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவளே என் காதருகே குனிந்து, எனக்குக் காதும் கேட்காது என்று முடிவு கட்டியவள்போல், பெட்டி முழுக்கக் கேட்கிற குரலில், "கண் டாக்டரைப் பாத்தீங்களா பாட்டிம்மா?" என்றாள்.

வாயில் இருந்த நன்றியை விழுங்கிவிட்டேன். உனக்கு வேண்டுமானால் நீயே ஒருநாள் வந்து சொல்லிக்கொள். மற்ற எல்லாரையும் விட்டாயிற்று. என் ஆயுசுக்கும் நான் மன்னிக்காத ஒரே ஆள் அந்தக் குடைக்காரி.